வீட்டுக்கே வருவார்கள் என்று சொன்ன குரல்

டூட்டி அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் மட்டும் அது எட்டிப் பார்க்கும். மற்றபடி, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கெல்லாம் அவள் டூட்டி அக்காதான். தெருவில் யாராவது எதிர்ப்பட்டால்கூட, "உன் ஆளை யார்கிட்ட விட்டுட்டு வந்த?" என்பதுதான் அவள் முதல் கேள்வி. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. இவள் திட்டிக்கொண்டே பார்த்தாள். மாமியார் திட்டிக்கொண்டே கிடந்தாள். ஆனால் கடைசிவரை அந்த முதுகில் ஒரு புண் வரவில்லை. அதைக் கவனித்த டாக்டர், "இவ்வளவு செய்றீங்க, முறையா கத்துக்கிட்டா சம்பளமாவது வரும்" என்றார். நகராட்சியின் முதியோர் பகல் மையத்தில் பயிற்சி கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தாள். ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாயில் உணவு ஊற்றுவது, தோல் சிவந்திருப்பதைப் புண்ணாகும் முன்பே கண்டுபிடிப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். பிறகு வீடு வீடாக வேலை. இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் வாத்தியார்.

அவள் சொல்லிக்கொடுப்பதில் ஒன்றுதான் கண்டிப்பு. பகல் ஆள் போய் இரவு ஆள் வரும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் அல்லவா? அப்போது தன் கண்ணால் பார்த்தது வேறு, பிறர் சொல்லிக் கேட்டது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். "நல்லா தூங்கினார்" என்று ஒரு பெண் சொன்னால், "நீ பாத்தியா, அவர் சொன்னாரா?" என்று உடனே மடக்குவாள். தூங்கியதாகச் சொன்னவர் வலியை மறைத்திருக்கலாம். அதை நம்பி அடுத்தவள் மாத்திரையை நிறுத்தினால் வினை.

அந்தப் பெண்களுக்குப் போனில் ஒரு குழு இருந்தது. அதில் பூப் படம் போடக்கூடாது, வணக்கம் போடக்கூடாது, சிரிப்புத் துணுக்கு போடக்கூடாது. வேலை உத்தரவு மட்டும். பலருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமையில்லை என்பதால் அக்கா பேசித்தான் போடுவாள். இன்னாருக்கு இன்றைக்கு உப்பைக் குறை, இன்னாரை இடப்பக்கம் திருப்பாதே. கேட்டவர்கள் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. செய்துவிட்டு "ஆச்சு" என்று போடுவார்கள். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த குழு என்பதால்தான், அதற்குள் நுழைந்த வதந்தியும் உத்தரவாகிப்போனது.

நகராட்சித் தேர்தல் வந்தது. பகல் மையம் இருக்குமா போகுமா என்பதுதான் அந்த முறை பெரிய பேச்சு. ஒரு கட்சி அதை இடித்துவிட்டுக் கடைகளும் வண்டி நிறுத்துமிடமும் கட்டுவோம் என்றது. இன்னொரு கட்சி மையம் இருக்கட்டும் என்றது. வயதானவர்கள் ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று எல்லாரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் வங்கி அதிகாரி. அவர் தாயாரை அக்கா முன்பு பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அரசு முத்திரை மாதிரி ஏதோ இருந்தது. நடக்க முடியாதவர்களை இந்த முறை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்து சிரமப்படுத்த வேண்டாம், அலுவலர்களே வாக்குப்பதிவு நாளில் வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிக்கொள்வார்கள், அடையாள அட்டையை மட்டும் எடுத்து வையுங்கள் என்று எழுதியிருந்தது. கீழே, இதை எல்லா நோயாளி வீடுகளுக்கும் தெரிவிக்கவும் என்று ஒரு வரி.

அக்கா அதை ஒரு கையில் மிக்ஸி மூடியைப் பிடித்துக்கொண்டு படித்தாள். படித்ததும் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. போன தேர்தலில் அவள் பார்த்துக்கொள்ளும் கண்டக்டரைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் படியேற்றிவிட்டு முதுகு பிடித்துக்கொண்டு கிடந்தவள் அவள்தான். யாரோ புண்ணியவானுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டு போனை வாய்க்கருகே வைத்துப் பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு யாரையும் வெளிய கொண்டு போக வேண்டாம். ஆபீசருங்க வீட்டுக்கே வருவாங்க. அட்டையை எடுத்துத் தலைமாட்டுல வையுங்க. வேனுக்குச் சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க."

வரிசையாக "ஆச்சு" வந்து விழுந்தது. பார்த்ததா கேட்டதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லிக்கொடுத்தவளே பேசும்போது யார் கேட்பார்கள்? பெண்கள் அதை நோயாளியின் மகளுக்கு அனுப்பினார்கள். மகள் அத்தைக்கு அனுப்பினாள். பொழுது சாய்வதற்குள் அக்காவை முன்பின் பார்த்திராத வீடுகளில் எல்லாம் அக்காவின் குரல் பேசிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் என்பவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக, கொஞ்சம் குழறி வரும். ஆனால் வாய்க்கொழுப்பு குறையவில்லை. மகன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவது அபூர்வம். மருமகள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். ஓட்டுப் போடுவதென்றால் கண்டக்டருக்கு வெறி. வாக்குப்பதிவு அன்று காலை முகச்சவரம் செய்யச் சொல்லி, வெளுத்த சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் ஆபீசருங்க எந்த பஸ்ஸுல வராங்க?"

"வருவாங்க ஐயா. ஊர்ல நீங்க ஒருத்தர்தானா படுக்கையில இருக்கீங்க?"

"நான் வண்டி எடுத்த காலத்துல இவ்வளவு லேட்டா வந்தா ஜனங்க கண்ணாடிய உடைச்சிருப்பாங்க."

அந்த நேரத்தில்தான் வேன்காரர் போன் செய்தார். தேர்தல் நாளில் சக்கர நாற்காலிக்காரர்களை ஏற்றி இறக்குகிறவர்.

"என்னக்கா, இந்தத் தடவை ஒருத்தரும் வண்டி கேக்கல? எல்லாரும் எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டாங்களா?"

"வீட்டுக்கே வராங்கல்ல, அதான்."

"யாரு வரா? வீட்டு ஓட்டுக்கு முன்னாலயே மனு கொடுத்திருக்கணுமாம். அதெல்லாம் போன வாரமே வாங்கி முடிச்சாச்சாம். இன்னிக்கு யாரும் எங்கயும் போகல."

அக்காவின் கையில் இருந்த சீப்பு அப்படியே நின்றது. "நீ பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

"சாவடி வாசல்ல நிக்கறேன்க்கா. உள்ள இருக்கற அதிகாரிகிட்ட நானே கேட்டேன். போர்டுலயும் ஒட்டியிருக்கு. படம் எடுத்து அனுப்பட்டா?"

"அனுப்பு" என்றாள். படம் வந்தது. ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து கண்டக்டர் பார்த்ததில்லை.

"என்னம்மா, டயர் பஞ்சரா?"

"நான் தப்பா சொல்லிட்டேன் ஐயா. யாரும் வர மாட்டாங்க."

கண்டக்டர் தலைமாட்டில் இருந்த அடையாள அட்டையை இடக்கையால் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதுதான் அவர் பதில்.

வங்கி அதிகாரியைக் கூப்பிட்டாள். "எனக்கு எங்க அபார்ட்மென்ட் குரூப்ல வந்துச்சும்மா, உங்களுக்கு உபயோகப்படுமேன்னு அனுப்பினேன்" என்றார். அவருக்கு அனுப்பியவருக்கும் யாரோ அனுப்பியிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். அக்காவுக்கு இது புதிய விஷயம் இல்லை. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு நோய் எப்படிப் போகிறது என்பதுதான் பயிற்சியில் முதல் பாடமே. கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, கழுவாத கை போதும். அன்பாகத் தடவிக்கொடுக்கிற கை என்றால் இன்னும் வேகமாகப் போகும்.

மறுபடி பேசிக் குழுவில் போட்டாள். நான் சொன்னது தப்பு, யாரும் வர மாட்டார்கள், உடனே கிளப்புங்கள் என்றாள். இந்த முறை "ஆச்சு" வரவில்லை. பதிலுக்கு யாரோ ஒரு எச்சரிக்கையை எடுத்துப் போட்டார்கள்: பராமரிப்புப் பெண் ஒருவரின் குரலில் போலிச் செய்தி பரவுகிறது, வயதானவர்களை வெயிலில் அலைய விடச் சதி, நம்ப வேண்டாம். முதல் பொய்யைச் செய்தவன், இரண்டாவதையும் கையோடு செய்து வைத்திருந்தான் போல.

வாயாடி என்று பெயரெடுத்த பெண் ஒருத்தி மட்டும் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நெசமா நீங்கதானா? இப்ப எல்லாம் கம்ப்யூட்டரே பேசுதாமே."

"கம்ப்யூட்டருக்கு முழங்கால் வலி இருக்குமாடி?"

"சும்மா இருங்க. எனக்கு நிச்சயமா தெரியணும். பயிற்சில நான் யார் மேல சோப்புத் தண்ணியைக் கொட்டினேன்?"

"டாக்டர் மேல. நான்தான் கொட்டினேன்னு பழியை ஏத்துக்கிட்டேன். நீ இன்னும் அதுக்கு ஒரு டீ வாங்கித் தரல."

"ஐயோ அக்கா. நான் எங்க ஆளுக்குக் காலையிலயே நீர் மாத்திரை குடுத்துட்டேனே."

அக்காவுக்கு அப்போதுதான் முழு வினையும் உறைத்தது. நீர் மாத்திரை கொடுத்தால் ஆள் அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கும். வெளியே கொண்டுபோகும் நாளில் அதைத் திரும்பி வந்த பிறகுதான் கொடுப்பார்கள். இன்று வெளியே போகும் வேலை இல்லை என்று எல்லா வீட்டிலும் காலையிலேயே கொடுத்தாயிற்று. அவளே கண்டக்டருக்குத் தன் கையால் கொடுத்திருந்தாள்.

"டயப்பர் போட்டுக் கொண்டுபோ" என்றாள் வாயாடியிடம். சொல்வது சுலபம். கண்டக்டர் டயப்பர் என்ற சொல்லையே வீட்டுக்குள் விட மாட்டார். நோய் வந்ததிலிருந்து, எத்தனை முறை ஆனாலும், மணியடித்து அவளைக் கூப்பிட்டுப் பாட்டிலில்தான் போவார். அவருக்கு மிச்சமிருந்த மரியாதை அந்தப் பாட்டில்தான் என்று அக்காவுக்குத் தெரியும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"வேனை வரச் சொல்லவா ஐயா? போயிட்டு உடனே வந்துடலாம்."

"அவங்க எல்லாம்?" என்றார் கண்டக்டர். மற்ற படுக்கைக்காரர்களைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பாதிப் பேர் அவரோடு பகல் மையத்தில் கை தூக்கும் உடற்பயிற்சி செய்து பழகியவர்கள்.

"என் குரலை யாரும் நம்பல."

"என் மூஞ்சிய நம்புவாங்களா?"

அக்கா அவரைப் பார்த்தாள். வேனில் ஏற்றினால் அவரை யாரும் பார்க்க முடியாது. நாற்காலியில் தள்ளிக்கொண்டு, அந்தப் பெண்கள் வேலை செய்யும் தெருக்கள் வழியாகச் சுற்றிப் போனால் பார்க்கலாம். எழுந்து நிற்க முடியாத கண்டக்டரே ஓட்டுப் போடப் போகிறார் என்றால், வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுற்றுவழி. நடுவில் பாட்டிலுக்கு இடமில்லை.

"தாங்க மாட்டீங்க ஐயா."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார், "உன் பையில வெச்சிருப்பியே, அதை எடு. மருமகளுக்குத் தெரியக் கூடாது."

அவள் வேலையை வேலையாகச் செய்தாள். வாய் மட்டும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பேன்ட்டை மாட்டி நாற்காலியில் உட்கார்த்தியதும் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு எக்ஸ்பிரஸ். நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவரும் பாதி முகத்தால் சிரித்தார்.

வெயில் ஏறியிருந்தது. முதல் தெருவிலேயே ஒரு பால்கனியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "கண்டக்டரையா, எங்க கிளம்பிட்டீங்க? வீட்டுக்கே வராங்களாமே" என்றாள்.

"வரல. சர்வீஸ் கட்டு" என்றார் கண்டக்டர். பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. குழறிய குரலில், ஒவ்வொரு வாசலிலும், "சாவடி போற வண்டி, ஏறுறவங்க ஏறலாம்" என்று கூவிக்கொண்டே வந்தார். ஜன்னல்கள் திறந்தன. சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வீட்டில் செருப்பைத் தேடினார்கள். வாயாடி தன் ஆளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வேன்காரர் எதிர்த் தெருவிலிருந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டார்.

எல்லாரும் அப்படி இல்லை. ஒரு வீட்டு மகன் கதவைப் பாதி திறந்து, "நாங்க போட்டாச்சுங்க. அப்பாவுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? வீட்டுக்கு வந்தா போடட்டும்" என்றான். வர மாட்டார்கள் என்று அக்கா சொன்னாள். "அப்ப விடுங்க" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்குத் தெரியும். ஊரில் சுற்றும் மற்றப் பொய்கள் ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டு நுழையும். இந்தப் பொய் ஓய்வு கொடுத்து நுழைந்திருந்தது. களைத்துப்போன வீடுகளாகப் பார்த்து, இன்றைக்கு நீ சிரமப்பட வேண்டாம் என்று சொன்னது. அந்த ஓய்வைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? நேற்று அவளுக்கே வரவில்லையே.

சாவடியில் வேன்காரர் பலகை போட்டுச் சரிவு அமைத்தார். உள்ளே மறைப்பு வரை தள்ளிக்கொண்டு போனபோது அதிகாரி, "கூட ஒருத்தர் இருக்கலாம்" என்றார். கண்டக்டர் இடக்கையை நீட்டி அக்காவைத் தடுத்தார். அவள் வெளியே நின்றாள். வெகுநேரம் ஆயிற்று. அந்தக் கை எழுதிப் பழகாத கை. கடைசியில் நாற்காலி தானாகவே பின்னோக்கி உருண்டு வந்தது.

"போட்டாச்சா ஐயா?"

"ரைட், போகலாம்" என்றார். காது நுனி வரை சிவந்திருந்தது. டயப்பர் நனைந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, துடைத்துப் பவுடர் போட்டு, வேறு உடை மாற்றினாள். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மருமகள் கண்ணில் குப்பைக்கூடையில்கூட அது படவில்லை.

அதற்குமேல்தான் தையற்காரம்மாவின் நினைவு வந்தது. ஒருகாலத்தில் துணி தைத்தவள், இப்போது நடமாட முடியாமல் ஊரின் மறு கோடியில் மாடி வீட்டில் இருப்பவள். அங்கே வேலை செய்யும் புதுப்பெண் போனை எடுக்கவே இல்லை. மருமகள் வந்ததும் கண்டக்டரை ஒப்படைத்துவிட்டு அக்கா பஸ் பிடித்துப் போனாள். போய்ச் சேர்ந்தபோது சாவடிகளை மூடிவிட்டார்கள்.

புதுப்பெண் கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. "நீங்க முதல்ல சொன்னதைத்தான் செஞ்சேன் அக்கா. ரெண்டாவதா வந்தது போலின்னு மெசேஜ் வந்துச்சு. திரும்பத் திரும்பப் போன் வந்ததும் பயந்து அணைச்சு வெச்சுட்டேன்."

"உன் மேல தப்பில்ல. போய் முகத்தைக் கழுவு."

தையற்காரம்மா வெளியே போகும் உடுப்பில், தலை வாரி, வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மதியம் படுக்க மறுத்துவிட்டாளாம். வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பிஸ்கட் தட்டு ஒன்று மேசைமேல் மூடி வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் ஆபீசரா?"

"இல்லம்மா. யாரும் வர மாட்டாங்க. நேரம் முடிஞ்சுபோச்சு."

"வருவாங்கன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். யாரோ எழுதினதை விசாரிக்காம சொல்லிட்டேன்."

தையற்காரம்மா திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"நான் யாருக்குப் போட இருந்தேன் தெரியுமா?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"போடாத ஓட்டுதானே, சொன்னா என்ன? கடை கட்டறவனுக்கு. அந்தப் பகல் மையத்தை இடிச்சாத்தான் எனக்கு நிம்மதி. கையைத் தூக்கு, காலைத் தூக்குன்னு மனுஷிய என்ன பாடு படுத்தறீங்க."

அக்காவுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று லேசானது. மையம் போனால் அவள் பெண்களின் வேலையும் போகும். அதை இடிக்க விழ இருந்த ஓட்டு ஒன்று விழவில்லை. நல்லதாப் போச்சு என்று மனசு சொல்லியே விட்டது. அது சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். முகம் தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்து அந்த முத்திரைக் கடிதத்தைத் தயாரித்தபோது அவனும் இதையேதான் சொல்லியிருப்பான். படுக்கையில் கிடப்பவர்கள் எல்லாம் மையத்துக்குத்தான் போடுவார்கள் என்று அவன் ஒரு கணக்குப் போட்டான். தையற்காரம்மா விஷயத்தில் அது தவறிவிட்டது. இவளுடைய கணக்கு மட்டும் என்ன ஒழுங்கு?

நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தையற்காரம்மாவின் செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது, நாள் பூராவும் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த வீக்கம்.

"அடுத்த தடவை மனு நானே கொண்டுவரேன். இல்ல, நானே தூக்கிட்டுப் போறேன்."

"அப்பவும் அவனுக்குத்தான் போடுவேன்."

"போடுங்க."

"உனக்குக் கோபம் வராதா?"

"வரும்" என்றாள் அக்கா. "வந்தாலும் கூட்டிட்டுப் போவேன். இப்ப கையைத் தூக்குங்க, சட்டையை மாத்தணும்."